மூன்றாம் நாள் எக்கோவில் 35 வீதம்: அப்பாவின் இதயம் மீளுமா?

ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு 61 வயது. அம்மாவும் அப்பாவும் கரவெட்டியில் தனியே இருக்கிறார்கள். ஒரு நாள் விடியப்புறம் 4 மணிக்கு அப்பா நெஞ்சு நோவோடு எழும்பியிருக்கிறார். வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்திருக்கிறார், முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார். வேர்த்துக் கொட்டுவது நிற்கவில்லை என்று அம்மா 6 மணிக்கு ரொறொன்ரோவுக்குப் போன் எடுத்திருக்கிறார். தம்பி மச்சானுக்கு எடுக்க, மச்சான் வாகனம் பிடித்துக்கொண்டு வர, மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. ஈசிஜி எடுத்த கையோடு மாரடைப்பு என்று கண்டு, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். நோ அடங்கிவிட்டது. அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் எடுத்த எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், அதன் தாளில் ‘ஈஎஃப் 35%’ என்று எழுதியிருக்கிறது. தம்பி கேட்பது: மிச்சம் 65 வீதமும் செத்துவிட்டதா, போனது திரும்பி வருமா, நேரத்தோடு கொண்டுபோயிருந்தால் இது நடந்திருக்காதா?

தம்பி, நான் டாக்டர் இல்லை. 31 வருடம் தாதியாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் இதய நோயாளர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான். அப்பாவுக்கு என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் இந்த எண்ணை வாசித்துவிட்டு நித்திரை இல்லாமல் நிற்கிற பிள்ளைகளோடு எத்தனையோ இரவு வாட் வாசலில் நின்று கதைத்திருக்கிறேன். அங்கே இரண்டு நிமிடத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். இதயத்தின் இடது கீழறை விரியும்போது ஏறக்குறைய 120 மில்லிலீற்றர் இரத்தம் அதற்குள் நிறையும். சுருங்கும்போது அது முழுவதையும் வெளியே தள்ளாது. 70 மில்லிலீற்றர் அளவில் தள்ளிவிட்டு மிச்சத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். தள்ளிய பங்குதான் ஈஎஃப். நல்ல சுகமான ஆளுக்கே அது 55 முதல் 70 வீதம் வரைதான். நூறு வீதம் தள்ளுகிற இதயம் யாருக்கும் இல்லை. ஆகவே 65 வீதம் செத்துப்போனது என்ற கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்பாவின் இதயம் வழமையாகத் தள்ளவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத் தள்ளுகிறது. 40க்குக் கீழே என்பதால் அது பலவீனம்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் இதே எண்ணோடு வீட்டுக்குப் போய்த் தோட்டம் செய்தவர்களையும், பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்தவர்களையும் எனக்குத் தெரியும். இன்னொன்று, ஒரே இதயத்தை இரண்டு பேர் எக்கோவில் அளந்தால் ஐந்து புள்ளி முன்பின்னாக எழுதுவது சாதாரணம். 35க்கும் 38க்கும் இடையில் சந்தோசப்படவோ கவலைப்படவோ ஒன்றும் இல்லை.

சரி, திரும்புமா? இங்கேதான் ‘மூன்றாம் நாள்’ என்பது பெரிய விசயமாகிறது.

சித்திரை வெயிலில் இறைப்பு இல்லாமல் நின்ற மிளகாய்த் தோட்டத்தை ஊரில் பார்த்திருப்பீர்கள். மத்தியானத்தில் எல்லாக் கன்றும் ஒரே மாதிரித் தலை தொங்கி நிற்கும். எது வாடினது, எது கருகினது என்று அந்த நேரம் யாராலும் சொல்ல ஏலாது. தண்ணீர் கட்டிவிட்டு, பொறுத்திருந்து பார்த்தால் வாடினது நிமிரும், கருகினது அப்படியே நிற்கும். இதயத் தசையும் அப்படித்தான். குழாய் அடைபட்டிருந்த நேரத்தில் ஒரு பகுதி செத்திருக்கும். அது திரும்பாது, அந்த இடத்தில் தழும்புதான் வரும். அதைச் சுற்றி இன்னொரு பகுதி சாகாமல், ஆனால் அடிபட்டுத் திகைத்துப்போய்ச் சுருங்க மறந்து நிற்கும். இரத்தம் திரும்ப வந்த பிறகும் அது உடனே வேலை செய்யாது. நாள் எடுக்கும், சில பேருக்குக் கிழமைக் கணக்கில் எடுக்கும். 1982ல் பிரான்வால்ட், குளோனர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இந்த நிலைக்குப் பெயர் வைத்து விளக்கி எழுதினார்கள். எங்கள் டாக்டர்மார் வாட்டில் ‘ஸ்டன் ஆகியிருக்கு’ என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாம் நாள் எக்கோ செத்த தசையையும் திகைத்த தசையையும் சேர்த்து, இரண்டையும் ‘அசையவில்லை’ என்றுதான் காட்டும். அதனால்தான் ஆறு கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் இரண்டாவது எக்கோ எடுக்கிறார்கள். அதில் வரும் எண்ணைத்தான் அப்பாவின் எண் என்று எடுக்கவேண்டும். 35ல் இருந்து 45க்கும் 50க்கும் போனவர்களைக் கண்டிருக்கிறேன். 35லேயே நின்றவர்களும் உண்டு. மருந்தை விட்டுவிட்டு 25க்கு இறங்கி வந்தவர்களும் உண்டு. உங்கள் அப்பா எந்தப் பக்கம் போவார் என்று இன்றைக்கு யாரும் சொல்ல ஏலாது. எது தீர்மானிக்கும் என்று மட்டும் சொல்லலாம்: எந்தக் குழாய் அடைபட்டது, எவ்வளவு நேரம் அடைபட்டிருந்தது, மருந்தால் வடிவாகத் திறந்ததா, பக்கத்துச் சிறு குழாய்களில் இருந்து கொஞ்சமாவது இரத்தம் கசிந்து வந்துகொண்டிருந்ததா, சீனி வருத்தம் இருக்கிறதா, இனி மருந்து ஒழுங்காக எடுப்பாரா.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். மாரடைப்பு என்றால் இதயம் ஒரேயடியாக நின்றுவிடுவது என்று நினைக்கிறார்கள். ஆள் கதைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தால் மாரடைப்பாக இருக்காது என்று ஒரு நம்பிக்கை. உள்ளே நடப்பது வேறு. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் பெரிய குழாய்கள் அதன் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. அங்கிருந்து சிறு கிளைகள் சுவருக்குள் இறங்கி உட்புறம் வரை போகின்றன. திரும்பவும் தோட்டத்துக்கே வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசிப் பாத்தி. இதயச் சுவரில் கடைசிப் பாத்தி அதன் உட்புறப் படை. குழாய் முழுதாக அடைபட்டு இருபது முப்பது நிமிடத்தில் அந்த உட்புறத்தில் தசை சாகத் தொடங்கும். பிறகு மணித்தியாலக் கணக்கில் வெளிப்புறத்தை நோக்கிப் பரவும்.

1977ல் ரைமர், ஜெனிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் நாய்களின் இதயத்தில் குழாயைக் கட்டிவைத்து, 40 நிமிடம், 3 மணித்தியாலம், 6 மணித்தியாலம் என்று விட்டுப் பார்த்து இதைக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் விட்டால் உட்புறம்தான் போயிருந்தது. 6 மணித்தியாலம் ஆனபோது சுவரின் பெரும்பகுதி கனத்துக்கும் போய்விட்டிருந்தது. மனிதருக்கு இது ஆளுக்கு ஆள் மாறும். கட்டி சில வேளை தானாகக் கொஞ்சம் விலகும், திரும்ப அடைக்கும். நோ விட்டு விட்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நோ விட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரிப் பயணத்தை நிற்பாட்டக்கூடாது என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான்.

கரைக்கும் மருந்து எவ்வளவு கெதியாகப் போகிறதோ அவ்வளவு பலன் என்பதற்கு வலுவான கணக்கு இருக்கிறது. 1986ல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஜிஸ்ஸி என்ற ஆய்வு வந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைக்கும் மருந்தை ஏற்றியவர்களில் இறப்பு மொத்தமாக 18 வீதம் குறைந்தது. நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்றியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 47 வீதம் குறைந்தது. மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாறினது மணிக்கூடு மட்டும். பத்து வருடம் கழித்து இப்படியான ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான்: முதல் மணித்தியாலத்துக்குள் மருந்து போனால் 1,000 பேருக்கு 65 உயிர் கூடுதலாகத் தப்பியது, இரண்டாவது மணித்தியாலத்தில் போனால் 37.

இதோடு அஸ்பிரினையும் சொல்லவேண்டும். 1988ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். வெறும் அஸ்பிரின் மட்டுமே இறப்பை 23 வீதம் குறைத்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 வீதம். சில ரூபாய்க் குளிசை! 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்குப் போன் எடுத்தால் அவர்கள் கேட்டுவிட்டுச் சப்பச் சொல்வார்கள். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றில் இரத்தம் போனவர்கள், மூளையில் இரத்தம் கசிந்தவர்கள் தாங்களாக எடுக்கக்கூடாது.

அந்த மருந்து ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும், தம்பி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் யூனிட், சேலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவோம். ஏறத் தொடங்கி கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கும். வேகத்தைக் குறைத்து, காலை உயர்த்திவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் பிரஷர் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆள் சாம்பல் நிறத்தில், கைகால் குளிர்ந்து, ‘மிஸ், ஏதாவது செய்யுங்கோ’ என்று கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடப்பார். நாற்பது, ஐம்பது நிமிடம் போனதும் மொனிட்டரில் திடீரென்று அகன்ற துடிப்புகள் வரிசையாக வரும். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் முதல் தடவை அதைக் கண்டு பயந்து சிஸ்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, ‘பயப்படாதை, குழாய் திறக்குது’ என்றார். அடுத்த சில நிமிடத்தில் அந்த ஆள் கம்பியில் இருந்து கையை எடுத்தார். முகத்தில் நிறம் வந்தது. தண்ணீர் கேட்டார். ஈசிஜி எடுத்தோம், கூடாரம் மாதிரி உயர்ந்து நின்ற கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அலுக்காத காட்சி அது.

இப்போது டெனெக்டிபிலேஸ் என்ற மருந்தும் இருக்கிறது. எடைக்குத் தக்க அளவில் ஒரே ஊசியாகச் சில செக்கனில் போட்டுவிடலாம். அப்பாவுக்கு எது கொடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் அட்டையில் எழுதியிருக்கும். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தால் உடம்பில் அதற்கு எதிர்ப்புச் சக்தி உருவாகும், அதே மருந்தைத் திரும்ப ஒருக்கால் கொடுக்கமாட்டார்கள். மருந்து ஏற்றி 60 முதல் 90 நிமிடத்தில் எடுத்த ஈசிஜியில் கோடு பாதிக்கு மேல் இறங்கியதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இறங்கியிருந்தால், நோவும் அதோடு அடங்கியிருந்தால், குழாய் திறந்ததற்கு நல்ல அடையாளம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன். ஓம், நாலரைக்கே வெளிக்கிட்டிருந்தால் கூடத் தசை தப்பியிருக்கும். இதற்கு வேறு பதில் சொன்னால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் 12 மணித்தியாலத்துக்குள் குழாயைத் திறப்பதில் பலன் இருக்கிறது. அப்பா ஐந்தாவது மணித்தியாலத்தில் மருந்தைப் பெற்றார். போகாமல் விட்டிருந்தால் இன்று திகைத்து நிற்கிற தசையும் போயிருக்கும். வாய்வு என்று நினைத்ததில் அப்பாவின் குற்றமும் இல்லை, அம்மாவின் குற்றமும் இல்லை. இதயத்தின் அடிப்பக்கத்து நோ மேல்வயிற்றில் தெரியும், ஏப்பமும் வரும், சத்தியும் வரும். 30 வருடம் பார்த்த எனக்கே ஈசிஜி இல்லாமல் பிரித்தறிய முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் இப்போது உங்களைவிட அதிகமாகத் தன்னை நொந்துகொண்டிருப்பார்.

என் அப்பாவுக்கு 1997ல் வந்தது. இரவு 9 மணி, ஊரடங்கு. ஒழுங்கை முடக்கில் ஆமிச் சென்றி. வெளியில் லாம்பு பிடித்துக்கொண்டு போகவும் பயம். அம்மா விசிறிக்கொண்டு இருந்தார், நான் நாடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாதியாக இருந்தும் கையில் ஒரு அஸ்பிரின்கூட இல்லை. விடிந்து ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் சைக்கிளில் இருத்திக் கொண்டுபோனோம். அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். ஆனால் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினால் மூச்சு வாங்கும். தலையணை மூன்று அடுக்கி வைத்துத்தான் நித்திரை. அந்த ஒன்பது மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்று ரோட்டும் திறந்து, அம்புலன்சும் இருக்கிற காலத்தில் ஆட்கள் வீட்டில் இருந்து நேரத்தை விடுவதைக் கண்டால் எனக்குத் தாங்க முடிவதில்லை.

எங்கள் ஊரில் நேரம் போகிற வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் போன் எடுப்பது. தனியாக இருக்கிற தாய் தகப்பனுக்கு முதலில் நினைவு வருவது பிள்ளைதான், அது இயல்பு. பிள்ளை அங்கே வேலையில் இருக்கும், அல்லது நித்திரையில் இருக்கும். பிள்ளை எடுத்து, சொந்தக்காரருக்குச் சொல்லி, அவர் உடுப்பு மாற்றி, வாகனம் தேடி வருவதற்குள் ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். உங்கள் வீட்டிலும் 6 மணியில் இருந்து எட்டரை வரை இப்படித்தான் போயிருக்கிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018ல் வடக்குக்கு வந்தது. காசு இல்லை, 24 மணித்தியாலமும் ஓடும். உள்ளே ஒக்சிஜன் இருக்கும், பயிற்சி எடுத்த ஆள் இருப்பார். வழியில் இதயம் தாளம் தப்பினால் வாடகை வாகனத்துச் சாரதியால் என்ன செய்ய முடியும்? அதனால் இன்றைக்கே அம்மாவோடு கதைத்து ஒழுங்கு செய்யுங்கள். முதலில் 1990, அடுத்தது பக்கத்து வீடு, அதற்குப் பிறகுதான் நீங்கள். போனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண்களுக்கும், சீனி வருத்தக்காரருக்கும், வயது போனவர்களுக்கும் நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வரும். காரணமில்லாத வேர்வை, திடீர்க் களைப்பு, மூச்சு வாங்குதல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ நோ, சத்தி. ‘எனக்கு ஒன்றுமில்லை, வெயிலுக்கு’ என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்கிற அம்மாமார்தான் எங்களிடம் மிகப் பிந்தி வருகிறவர்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. ‘நேரே பெரியாஸ்பத்திரிக்கே விடு’ என்று பக்கத்து ஆதார வைத்தியசாலையைத் தாண்டிப் போகிறார்கள். அஞ்சியோ செய்து, அதாவது சாயம் விட்டு இதயக் குழாய்களைப் படத்தில் பார்த்து, பலூனால் குழாயைத் திறப்பது மருந்தைவிட நல்ல வழிதான், ஆனால் மாரடைப்பு என்று கண்டுபிடித்ததில் இருந்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடியாது என்றால், காத்திராமல் கரைக்கும் மருந்தைக் கொடுப்பதுதான் உலகம் முழுக்க உள்ள விதி. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருப்பதன் அர்த்தம் இதில்தான் தெரியும். ஈசிஜியை முதலில் அங்கே எடுத்துவிடலாம். நெடுந்தீவு ஆட்களுக்கு இது இன்னும் கடினம். குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஒரு மணித்தியாலம் அளவில் போய்விடும். அவர்கள் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று சொல்லவே கூடாது. இன்னொன்று, முதல் ஈசிஜி சுகமாக இருந்தால் அதோடு வீட்டுக்குப் போகவும் கூடாது. நோ இருக்கிறவரை திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். இதயத் தசை சேதப்பட்டதைக் காட்டும் ட்ரோபொனின் இரத்தப் பரிசோதனை ஏறிக் காட்டவும் சில மணித்தியாலம் எடுக்கும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி வரும் மூன்று மாதம்தான் உங்கள் கையில் இருக்கிற நேரம். செத்த தசை தழும்பாக மாறும்போது அந்த இடம் மெலிந்து இழுபடும். அதை ஈடுகட்ட மிச்ச இதயம் பெருக்கும். பெருத்த இதயம் இன்னும் பலவீனமாகும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் அத்தனை குளிசையும். எனலாபிரில் வகை மருந்து ஒன்று இருக்கும். 1992ல் வந்த சேவ் என்ற ஆய்வில், ஈஎஃப் 40ம் அதற்குக் கீழும் உள்ள 2,231 பேரில் அந்த வகையைச் சேர்ந்த கப்டோபிரில் இறப்பை 19 வீதம் குறைத்தது. பிசோபிரோலோல் அல்லது கார்வெடிலோல் இருக்கும். 2001ல் கார்வெடிலோல் பற்றிய ஆய்வில் இதே மாதிரியான நோயாளிகளில் 23 வீதம் குறைந்தது. ஸ்பைரோனோலாக்டோன் இருக்கலாம். எம்பாகிளிஃப்ளோசின் மாதிரிச் சீனிக் குளிசையைச் சீனி இல்லாதவருக்கும் இப்போது இதயப் பலவீனத்துக்குக் கொடுக்கிறார்கள், ‘எனக்குச் சீனி இல்லையே’ என்று அப்பா தள்ளிவைத்துவிடக்கூடாது. இவை எல்லாம் சிறிய அளவில் தொடங்கி, பிரஷரையும் சிறுநீரகத்தையும் பார்த்துப் பார்த்துக் கூட்டவேண்டியவை. அதனால்தான் கிளினிக் திகதி முக்கியம். மருந்து முடிந்ததும் அதே துண்டைக் காட்டிப் பாமசியில் வாங்கிக்கொண்டு இருந்தால் அளவு ஒரு நாளும் கூடாது, இதயமும் தேறாது.

மருந்தை நிற்பாட்டுகிறவர்கள் சொல்கிற காரணம் இரண்டு. ஒன்று எனலாபிரிலால் வருகிற வறட்டு இருமல். அதற்கு மாற்று இருக்கிறது, லொசார்டன் வகைக்கு மாற்றுவார்கள், சொன்னால் போதும். மற்றது பல்லுப் பிடுங்க வேண்டும் என்று இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் அஸ்பிரினையும் குளோப்பிடோகிரலையும் தாங்களாகவே நிற்பாட்டுவது. குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு கம்பிவலையான ஸ்டென்ட் வைத்திருந்தால் இது உயிரோடு விளையாடுவது. பல்லு டாக்டரும் இதய டாக்டரும் கதைத்துத் தீர்மானிக்கட்டும்.

சாப்பாட்டில் எண்ணெயைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஈஎஃப் குறைந்தவருக்கு அதைவிட அவசரமான எதிரி உப்பு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நாலையும் வீட்டை விட்டே அனுப்புங்கள். தராசு ஒன்று வாங்கிக் கொடுங்கள், காலையில் சிறுநீர் கழித்த பிறகு தினமும் ஏறிப் பார்த்துக் கலண்டரில் எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் போகவேண்டும். நடை முதல் நாள் படலை வரை, பிறகு ஒழுங்கை முடக்கு வரை. மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு நடக்க முடிகிற வேகம்தான் அளவு. கிணற்றில் அள்ளுவது, நெல்மூட்டை தூக்குவது இப்போது வேண்டாம்.

ஒரு ஐயா மாரடைப்பு வந்து ஏழாம் கிழமை கிளினிக்குக்கு வந்து, நல்லூரானுக்கு நேர்த்தி, காவடி எடுக்கவேண்டும் என்று நின்றார். டாக்டர் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. ‘காவடியை மகன் எடுக்கட்டும், ஐயா பின்னால நடந்து வாங்கோ, அதுவும் விடியக்காலமை, வெயிலுக்கு முதல்’ என்றார். அப்படித்தான் போனார்கள். அப்பாவுக்கும் இப்படி ஏதாவது நேர்த்தி இருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லட்டும், வழி இருக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஸ்டென்ட் பற்றி. கரைக்கும் மருந்து பலித்தவர்களுக்கும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோ பார்ப்பது நல்லது என்பதே நெறி. அந்த நேரம் தாண்டிப்போனால் நிலைமையைப் பொறுத்து. குழாய் திறந்து, ஆனால் ஒடுங்கிப்போய் இருந்தால், அல்லது மற்றக் குழாய்களிலும் ஒடுக்கம் இருந்தால் ஸ்டென்ட்டோ பைபாஸோ பலன் தரும். ஆனால் குழாய் முழுதாக அடைபட்டே இருந்து, நோவும் இல்லாமல், நாட்கள் கடந்துவிட்டால் கதை வேறு. 2006ல் வந்த ஓஏடி ஆய்வில் மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாள் ஆன அப்படியான 2,166 பேரை எடுத்தார்கள். பாதிப்பேருக்குக் குழாயைத் திறந்தார்கள், மற்றவர்களுக்கு மருந்து மட்டும். இறப்பிலோ, அடுத்த மாரடைப்பிலோ, இதயப் பலவீனத்திலோ திறந்தவர்களுக்கு நன்மை தெரியவில்லை. காணியை ஈடுவைத்து, கொழும்புக்கும் சென்னைக்கும் ஓடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அந்தக் குழாய் கொடுக்கிற பகுதியில் உயிருள்ள தசை இருக்கா?’ நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

மூன்று மாத மருந்துக்குப் பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், ஆபத்தான தாளத்தில் இருந்து காப்பாற்றும் ஐசிடி என்ற கருவியைப் பற்றிப் பேசுவார்கள். மாரடைப்பு வந்து 40 நாள் ஆவதற்கு முன் அதைத் தீர்மானிக்கமாட்டார்கள். ஆகவே இப்போதே அதைப் பற்றித் தேடி வாசித்துப் பயப்படவேண்டாம்.

இன்னொரு விசயம். அப்பா கதைக்கிறது குறைந்திருந்தால், தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் சாய்மனைக் கதிரையிலேயே இருந்தால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவது மிகச் சாதாரணம், எங்கள் ஊர் ஆண்கள் அதை வாயால் சொல்லமாட்டார்கள். கிளினிக்கில் அதையும் சொல்லச் சொல்லுங்கள். வீடியோவில் எடுத்து ‘மருந்து குடிச்சீங்களா’ என்று மட்டும் கேட்காமல், வெங்காயம் என்ன விலை போகிறது என்றும் கேளுங்கள்.

இரண்டாவது எக்கோவின் திகதியை இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் முதல் எக்கோ பார்த்த அதே இடத்திலேயே எடுக்கட்டும், ஒப்பிடுவது சுலபம். எடுத்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். ஈஎஃப்பை மட்டும் பார்க்காமல் இடது கீழறையின் அகலம் கூடியிருக்கிறதா, அசையாமல் நின்ற சுவர் கொஞ்சமாவது அசைகிறதா என்றும் சேர்ந்து பார்ப்போம்.